பொது ஏரியில் நீர்ச்சறுக்கு: முதல்முறை படகெடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு விசைப்படகு, ஒரு கயிறு, இரண்டு பலகைகள், விழுவதற்கு அஞ்சாத ஓர் ஆள். நீர்ச்சறுக்குக்கு இவை போதும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் நண்பர்களும் முதன்முதலில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரி ஒன்றில் இறங்கினோம். ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்பதும், அது எந்தக் கடையிலும் வாடகைக்குக் கிடைக்காது என்பதும் அந்தக் கோடை பாதி கழிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சலனமில்லாத தண்ணீர்தான் அது. காற்று எழாத காலைப்பொழுதில் ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். முதலில் வருகிற படகு அதைக் கண்டபடி கலக்கிவிட்டால், அடுத்து வருபவருக்கு மட்டுமல்ல, கலக்கியவருக்கே அது திரும்பக் கிடைக்க வெகுநேரம் ஆகும். ஆகவே பலகையில் எழுந்து நிற்கும் வித்தையோடு, பின்னால் விட்டுச்செல்லும் அலைக்குப் பொறுப்பேற்கும் முறையையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

படி 1: படகை இறக்கும் முன்

பொதுப் படகுத்துறையின் சரிவுப்பாதை பெரும்பாலும் ஒரு வண்டி அகலம்தான் இருக்கும். அதில் இழுவண்டியைப் பின்னால் இறக்கி நிறுத்திய பிறகுதான் கயிற்றைத் தேடுவதும், குளிர்பெட்டியை ஏற்றுவதும், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதும் என்றால், பின்னால் காத்திருப்பவர்களின் பொறுமையை நீங்கள் செலவழிக்கிறீர்கள் என்று பொருள். இவை எல்லாவற்றையும் வண்டி நிறுத்துமிடத்திலேயே முடித்துவிட்டு, படகின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைத் திருகி இறுக்கிய பின்னரே சரிவுக்கு வர வேண்டும்.

படி 2: ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தல்

யாரையும் இழுக்காமல், மெதுவாக, ஏரியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பல ஏரிகளில் படகுகள் இடஞ்சுழியாகச் சுற்றுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏரியில் என்ன வழக்கம் என்பதைத் துறையில் நிற்பவர்களைக் கேட்டே அறிந்துகொள்ளலாம். மீன்பிடிப்பவர்கள் எங்கே நங்கூரமிட்டிருக்கிறார்கள், துடுப்புப் படகுகள் எந்தக் கரையோரம் போகின்றன, நீச்சல் எல்லை மிதவைகள் எங்கே தொடங்குகின்றன, தண்ணீர் எங்கே ஆழமற்றுப் போகிறது என்பவற்றை அந்த ஒரு சுற்றில் பார்த்துவிட முடியும்.

கோரைப்புல் நிறைந்த ஒதுக்குப்புறங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மினசோட்டாவின் மாநிலப் பறவையான லூன், தண்ணீரின் விளிம்பை ஒட்டியே கூடு கட்டுகிறது. அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் நிலத்தில் அதனால் சரியாக நடக்க முடியாது. கூட்டிலிருந்து நேரே தண்ணீரில் நழுவ வேண்டும். அவ்வளவு தாழ்வாக இருக்கும் கூட்டை ஒரு பெரிய அலை நனைத்து, முட்டைகளை உருட்டிவிடக்கூடும்.

படி 3: மூவருக்கும் வேலை பிரித்தல்

நீர்ச்சறுக்கில் மூன்று பேருக்கு வேலை உண்டு. ஓட்டுபவர் முன்னால் பார்க்கிறார். கவனிப்பவர் பின்னால், சறுக்குபவரை மட்டும் பார்க்கிறார். சறுக்குபவர் கையசைவால் பேசுகிறார். கவனிப்பவர் ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் சட்டமாகவே இருக்கிறது. கலிபோர்னியாவில் அவருக்கு 12 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். பின்பார்வைக் கண்ணாடியே போதும் என்று அனுமதிக்கும் இடத்திலும் ஆளில்லாமல் போகாதீர்கள் என்பதே என் கருத்து. கண்ணாடியைப் பார்க்கும் அந்த இரண்டு நொடியில் ஓட்டுபவர் எதிரே வரும் சிறு படகைப் பார்ப்பதில்லை. படமெடுப்பதற்காகப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கவனிப்பவர் ஆகமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் குழுவில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சைகைகளைக் கரையிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு. கீழே என்றால் குறை. தலையைத் தட்டினால் துறைக்குத் திரும்பு. கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் உடனே நிறுத்து. விழுந்தவர் தலைக்கு மேல் இரு கைகளையும் கோத்துக் காட்டினால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சைகை வராவிட்டால் அடிபட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுபவர் இயந்திரத்தை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்வது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 26 அடிக்குக் குறைவான பெரும்பாலான விசைப்படகுகள் வேகமெடுத்துச் செல்லும்போது அதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க நடுவண் சட்டம் சொல்கிறது.

படி 4: தண்ணீரிலிருந்து எழுதல்

1922 ஜூலை 2 அன்று, மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாக விரியும் லேக் பெப்பினில், லேக் சிட்டி என்ற ஊரைச் சேர்ந்த ரால்ஃப் சாமுவேல்சன், தன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அண்ணன் பென் ஓட்டிய படகுக்குப் பின்னால் தண்ணீரின்மேல் நின்றார். அவருடைய பலகைகள் 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட பைன் மரத்துண்டுகள். அவற்றின் முனைகளை அம்மாவின் செப்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து மேல்நோக்கி வளைத்திருந்தார். அதற்கு முந்தைய முயற்சிகளில் எல்லாம் முழுகிப்போனவர், உடலைப் பின்னுக்குச் சாய்த்துப் பலகை முனைகளைத் தண்ணீருக்கு மேலே நிறுத்திய பிறகுதான் எழுந்தார். ஒரு நூற்றாண்டு கடந்தும் பாடம் அதேதான்.

முழங்கால்களை மார்போடு அணைத்து, தண்ணீரில் உட்கார்ந்த நிலையில் மிதந்துகொள்ளுங்கள். கைகள் நீண்டிருக்க, கயிறு இரண்டு பலகைகளுக்கும் நடுவே ஓட, முனைகள் வெளியே தெரிய வேண்டும். படகு மெல்ல நகர்ந்து கயிறு விறைப்பாகும்வரை பொறுத்திருந்து, பிறகே புறப்படச் சொல்லுங்கள். எழுந்து நிற்க நீங்களாக முயலாதீர்கள். கைகளை மடக்கிக் கயிற்றைத் தன்பக்கம் இழுப்பவர்தான் பின்புறமாக விழுவார். படகு உங்களைத் தூக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருங்கள்.

ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது வேறு. படகின் முகப்பு மேலே எழும்பி, வால் தண்ணீரை உழுதுகொண்டு போகும் அந்த நடுவேகத்தில்தான் மிகப் பெரிய அலை எழுகிறது. வேகம் கூடி, படகு நீரின் மேற்பரப்பில் ஏறிவிட்டால் அலை சிறுத்துவிடும். தொடக்கநிலையில் இருக்கும் பெரியவர் ஒருவருக்குத் தேவைப்படும் மணிக்கு 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் அலை சிறியதுதான். அப்படியானால் கரையிலிருப்பவர்களைத் தொல்லைப்படுத்துவது நீங்கள் சறுக்கும் நேரமன்று, திரும்பத் திரும்பப் புறப்படும் நேரம்தான். புதியவர் ஒருவர் பத்துமுறை விழுந்து பத்துமுறை எழுவார் என்பதால், பயிற்சியைக் கரையோரமாகத் தொடங்காமல், ஏரியின் அகன்ற பகுதிக்குப் போய்த் தொடங்குங்கள்.

படி 5: நேர்கோட்டில் ஓட்டுதல்

இந்தப் படியை நாங்கள் கற்றது வெட்கப்பட்டுத்தான். ஒரு சனிக்கிழமை, குறுகிய வளைகுடா ஒன்றில் நண்பனை இழுத்துக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தேன். அவன் விழும்போதெல்லாம், வேகத்தைக் குறைக்காமல் படகை அப்படியே ஒடித்துத் திருப்பி அவனிடம் போவேன். பார்க்க வீரமாக இருக்கும். கரையிலிருந்த முதியவர் ஒருவர் கையைக் காட்டி அழைத்தார். அவருடைய சிறிய அலுமினியப் படகு துறையின் தூணில் மோதி மோதி, கட்டியிருந்த கயிறு பாதி இழையாகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. ஈரமான விரலால் காய்ந்த பலகைமேல் முதலில் ஒரு வட்டம் வரைந்தார்; வட்டத்துக்குள் அலைகள் எல்லாப் பக்கமிருந்தும் வந்து நடுவில் முட்டிக்கொள்வதைக் காட்டினார். பிறகு அதன் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்து, அதன் இரு முனைகளிலும் சிறு குமிழ்போல வளைத்தார். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

நேர்கோட்டில் போகும் படகின் அலைகள் இரண்டு பக்கமும் விலகி, கரையை நோக்கிப் போய், புல்லிலும் மணலிலும் அடங்கிவிடுகின்றன. கோட்டின் முனையில் வேகத்தைக் குறைத்து, சிறிய வளைவாகத் திரும்பி, போன தடத்திலேயே வந்தால், நடுவில் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ தட்டையாகவே கிடைக்கும். வட்டமடித்தால் உங்கள் அலைமேல் நீங்களே சறுக்க வேண்டியிருக்கும்; கான்கிரீட் தடுப்புச்சுவர் கட்டிய கரையாக இருந்தால் அந்த அலை அடங்காமல் திருப்பியும் அனுப்பப்படும். அக்கம்பக்கத்தாருக்கு நல்லதாக இருப்பதே சறுக்குபவருக்கும் நல்லதாக அமைவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடக்கும் என்பதால், நேர்கோட்டை ஒரு தியாகமாக எண்ண வேண்டியதில்லை.

இடைவெளிக் கணக்கும் இதிலேயே அடங்கும். வழக்கமான கயிற்றின் நீளம் 75 அடி. சறுக்குபவர் பக்கவாட்டில் வீசிச்செல்லும்போது படகின் பாதையிலிருந்து வெகுதூரம் விலகிவிடுவார். ஆகவே படகுக்கு இடமிருந்தாலும் அவருக்கு இடமிருக்காது. கரையிலிருந்தும் துறைகளிலிருந்தும் பிற படகுகளிலிருந்தும் 200 அடியாவது விலகியிருப்பதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். வேண்டுமென்றே பெரிய அலை எழுப்பி அதன்மேல் கயிறின்றிச் சறுக்கும் வேக்சர்ஃப் படகுகளுக்கு இது போதாது: அவற்றின் அலை, சாதாரணப் படகு 200 அடியில் ஏற்படுத்தும் அலையின் அளவுக்குத் தணிய 500 அடிக்கும் மேல் வேண்டும் என்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-இல் அளந்து சொல்லியிருக்கிறது.

படி 6: ஒருவர் விழுந்தபோது

முதலில் வேகத்தை முற்றிலும் குறைத்து, பின்னால் வரும் உங்கள் அலை படகைக் கடந்துபோக விட்டுவிட்டு, மெதுவாகத் திரும்புங்கள். வேகமாகத் திரும்புவதால் மிச்சப்படுவது சில நொடிகள்தான். கவனிப்பவர், ஆள் விழுந்த கணமே கொடியை உயர்த்த வேண்டும். சில மாநிலங்களில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கொடி கட்டாயம், கட்டாயமில்லாத இடத்திலும் அது நல்ல பழக்கம். தண்ணீரில் இருப்பவர் ஒரு பலகையை நிமிர்த்திப் பிடித்தால் தொலைவில் வரும் படகுக்குத் தெரியும், ஏனெனில் மிதக்கும் தலை ஒன்று வெயிலின் மினுமினுப்பில் சட்டென்று கண்ணில் படாது.

அவரை எப்போதும் ஓட்டுபவரின் பக்கமாகவே வைத்துக்கொண்டு அணுகுங்கள். அவர் படகில் ஏறுவதாக இருந்தால் இயந்திரத்தை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும்; நியூட்ரலில் வைத்தால் போதும் என்பது தவறு. பின்படியில் யாரையும் உட்காரவைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓடவிடாதீர்கள், அங்கே கார்பன் மோனாக்சைடு தேங்கும்.

படி 7: முறைவைத்துக்கொள்ளுதல்

வேறொரு படகு சறுக்கிக்கொண்டிருக்கும் தடத்தில் குறுக்கே நுழைவதும், அதன் பின்னாலேயே தொடர்வதும் கூடாது. முன்னே போகிறவர் விழுந்தால் நீங்கள் அவர்மேல் ஏறிவிடுவீர்கள். மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிச் சறுக்குவதற்காகக் கட்டிய ஸ்லாலம் பாதை உள்ள ஏரியென்றால், 259 மீட்டர் நீளமும் ஆறு திருப்பு மிதவைகளும் கொண்ட அந்தப் பாதையை யாரோ அனுமதி பெற்று, வசந்தத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கட்டி, இலையுதிர்காலத்தில் மறுபடி அவிழ்க்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் ஏரியில் ஆளுக்கு ஆறு ஓட்டம், பிறகு அடுத்த படகு. காத்திருப்பவர் பாதையின் முனையிலிருந்து தள்ளி, இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்கிறார், உலவிக்கொண்டிருப்பதில்லை, ஏனெனில் உலவும் படகின் சிற்றலையும் அதில் திரும்புபவரின் காலடியில் தெரியும். மிதவை ஒன்று அறுந்திருந்தால் அதை எடுத்துத் துறையில் வையுங்கள்.

பாட்டுச் சத்தம் தண்ணீரின்மேல் வெகுதூரம் செல்லும். கயிற்றின் முனையில் இருப்பவருக்குக் கேட்கிற அளவு வைத்தால் ஏரிக்கரையில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கும். விடியற்காலையில் அது இல்லாமலே இருக்கட்டும்.

படி 8: ஏரியை விட்டுக் கிளம்பும்போது

சீப்ரா மஸல் என்ற சிறு சிப்பி ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் பயணம் செய்வது நம் படகுகளில்தான். அதன் இளம்பருவ உயிர்கள் கண்ணுக்குத் தெரியாது. படகின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீர் அவற்றுக்குப் போதும். யூரேசியன் மில்ஃபாயில் என்ற நீர்க்களையோ அறுந்த ஒரு துண்டிலிருந்தே முளைத்துவிடும். எனவே சரிவுப்பாதையை விட்டு மேலே வந்ததும் இழுவண்டியின் அச்சு, விசிறி, கயிற்றுச்சுருள் ஆகியவற்றில் ஒட்டிய களையைக் கையால் அகற்றி, வடிகால் அடைப்பானைக் கழற்றி, எடை கூட்டத் தண்ணீர் நிரப்பும் எடைத்தொட்டி உள்ள படகாக இருந்தால் அதையும் வடித்துவிடுங்கள். மினசோட்டாவில் சாலையில் போகும்போது அடைப்பான் கழன்றே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கழற்றிய அடைப்பானைப் படகின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். நாங்கள் ஒருமுறை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், அடுத்த வாரம் துறையில் படகை இறக்கியபோது, பின்னிருக்கையில் இருந்தவர் தன் செருப்பு மிதப்பதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சொன்னார்.