அலுவலகத்துக்குத் திரும்பச் சொல்லும்போது மேலாளர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் புதிதாக அணித்தலைவர்கள் ஆன நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். வாரத்துக்கு 3 நாள் அலுவலகம் என்றிருந்தது 4 நாளாகிறது. அதை அணியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். பேச்சுக்கு நடுவில் ஒருவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "ஒரே ஒருத்தருக்கு மட்டும் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். யாருக்கும் தெரியாது." எனக்குத் திக்கென்றது. 2022-இல், 14 பேர் கொண்ட அணிக்கு மேலாளராக இருந்தபோது, நானும் இதையேதான் செய்தேன்.

இரண்டு மின்னஞ்சலில் இரண்டு விதி சொல்வது, தேதியை மாற்றி மாற்றி அறிவிப்பது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

காரணத்தை மழுப்புவது

"சேர்ந்து வேலை செய்யத்தான் கூப்பிடுகிறோம்" என்று சொல்வோம். வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு ஊரில் இருக்கும் சக ஊழியரோடு நாள் முழுக்க வீடியோ அழைப்பில் இருப்பார். இரண்டாவது வாரமே அந்தக் காரணத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, உற்பத்தித்திறன் என்று சொல்லிப் பார்க்கலாமா? ஊழியர்களும் படிக்கிறார்கள். பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காமின் 1,612 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளிவந்தது. வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் பணி மதிப்பீடு குறையவில்லை. வேலையை விட்டுப் போவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த ஏற்பாடு உற்பத்தியைக் கெடுக்கும் என்று முதலில் நினைத்த மேலாளர்களும் ஆய்வு முடிந்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். 5 நாளும் வாருங்கள் என்று சொல்லும் கூட்டத்தில் இதை யாராவது எடுத்துப் போட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது உண்மையான காரணம் என்றால் அதைச் சொல்லுங்கள். மேலிடத்தின் முடிவு, உங்கள் கையில் எதுவும் இல்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். கோபப்படுவார்கள். ஆனால் அடுத்த முறை நீங்கள் பேசும்போது காது கொடுப்பார்கள்.

காதும் காதும் வைத்தாற்போல் விலக்கு கொடுப்பது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் அணியில் ஒரு மூத்த பொறியாளர் இருந்தார். வாரம் 3 நாள் என்ற உத்தரவு வந்த அன்றே, "கட்டாயம் என்றால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பயந்துபோனேன். "நீங்க வர வேண்டாம், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடம் பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டதாக நிம்மதியாக இருந்தது.

அதே அணியில் இன்னொரு பெண் இருந்தார். அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உத்தரவு வந்ததும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியோடு முறை வைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் வந்தார். மாலை ஐந்து மணி ஆனால் கைப்பேசியை மேசை மேல் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தபடி வேலை செய்வார். அதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை.

இருக்கை முன்பதிவுக்கு எல்லோரும் பார்க்கும் ஒரு விரிதாள் வைத்திருந்தோம். ஆறு வாரமாக அந்தப் பொறியாளரின் வரிசை மட்டும் காலியாகக் கிடந்தது. ஒருநாள் அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, "அவர் ஏன் வர்றதில்லை சார்?" என்று கேட்டார். "வாடிக்கையாளர் இடத்தில் வேலை" என்று பொய் சொன்னேன். அன்று காலை வீடியோ கூட்டத்தில் அந்தப் பொறியாளருக்குப் பின்னால் அவர் வீட்டுப் புத்தக அலமாரி தெரிந்ததை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் ராஜினாமாக் கடிதம் வந்தது. காரணம்: சொந்த விஷயம்.

கடைசி நாளில் அவர் சொன்னது இதுதான்: "விலக்கு உண்டுன்னு தெரிஞ்சிருந்தா நானும் கேட்டிருப்பேன்."

அவர் பார்த்த வேலையை வேறொருவர் முழுதாகக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். யாரைத் தக்கவைக்க நான் பொய் சொன்னேனோ, அந்தப் பொறியாளரும் அந்த ஆண்டு முடிவதற்குள் கிளம்பிவிட்டார்.

விலக்கு கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. மிரட்டத் தெரிந்தவருக்கு மட்டும் கதவு திறந்தது என்பதுதான் தவறு. 3 நாள் வரச் சொன்னதை என் அணி தாங்கிக்கொண்டது. அந்தப் பாகுபாட்டைத் தாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே உத்தரவு போகும் அதே மின்னஞ்சலில் விலக்குக்கான வழியும் போகட்டும். எந்தெந்தக் காரணத்துக்குக் கேட்கலாம் (உடல்நலம், வீட்டில் ஒருவரைப் பராமரிப்பது, வேலைக்குச் சேரும்போதே கடிதத்தில் எழுதிக்கொடுத்த வாக்குறுதி), யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும், மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்று எழுதிவிடுங்கள். யாருக்கு எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். வழி ஒன்று இருக்கிறது என்பது ரகசியமாக இருக்கக் கூடாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இப்படி நெகிழ்வான ஏற்பாடு கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. நிறுவனம் 2 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுக்கும் முன் ஊழியரோடு பேசவும் வேண்டும். உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஒழுங்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பது

வேண்டாம். திங்கள் காலை அனுப்பிவிட்டு, அன்று முழுக்க உங்கள் இடத்தில் இருங்கள்.

நாற்காலியை எண்ணாமல் தேதி சொல்வது

2025 ஜனவரி 2 முதல் வாரம் 5 நாள் என்று அறிவித்த அமேசானே, இடம் போதாமல் சில ஊர்களில் தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

அட்டையை எண்ணுவது

வாயிற்கதவில் அட்டை தேய்த்த கணக்கை மட்டும் கேட்டால் அந்தக் கணக்குத்தான் கிடைக்கும். அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்து, நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டுத் திரும்பிப்போவதற்கு 'காபி பேட்ஜிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்படிச் செய்பவரைப் பிடிக்க நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அன்று அவர் இருந்தே ஆக வேண்டிய வேலை ஏதாவது வைத்திருந்தோமா என்று முதலில் பாருங்கள்.

சத்தத்தை மட்டும் கேட்பது

2025 ஜனவரியில் ஜேபி மார்கன் சேஸ் வங்கி 5 நாள் அலுவலகம் என்று அறிவித்தபோது, உள் இணையதளத்தில் ஊழியர்களின் கருத்துகள் குவிந்தன. கருத்துப் பகுதி மூடப்பட்டது என்று செய்தி வந்தது. பிறகு அந்த ஊழியர்கள் வெளியில் கையெழுத்து மனுவே தொடங்கினார்கள். வாயை மூடினால் பேச்சு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஆனாலும் திட்டி எழுதுபவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போகிறவரைத்தான் தேட வேண்டும். இந்த உத்தரவுகளுக்குப் பிறகு பெண்களும், அனுபவம் மிக்கவர்களும், திறமைசாலிகளும்தான் அதிகம் வெளியேறுகிறார்கள் என்று அமெரிக்க நிறுவனங்களைப் பற்றிய 2024 ஆய்வு ஒன்று கண்டறிந்தது. வேறு இடத்தில் வேலை எளிதாகக் கிடைக்கும் என்றால் ஏன் சண்டை போடப் போகிறார்கள்?

அறிவிப்பு போன முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரோடும் தனியாக இருபது நிமிடம் உட்காருங்கள். "இது உங்களுக்கு ஓகேயா?" என்று கேட்காதீர்கள், ஓகே என்றுதான் பதில் வரும். "இதனால் உங்கள் வாரத்தில் எது மாறுகிறது?" என்று கேளுங்கள்.

யாருக்கும் தெரியாது என்று சொன்ன அந்த அணித்தலைவர், நான் சொன்னபடி விலக்கு விதிகளை நான்கு வரியில் எழுதி அணி முழுவதற்கும் அனுப்பினார். இரண்டு நாளில் மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் முதல் ஆளாக வந்து விளக்குப் போடுகிறவர். இரவு முழுக்க அம்மா பக்கத்தில் விழித்திருந்துவிட்டு நேராக அலுவலகம் வந்துகொண்டிருந்தாராம்.