ஏற்காடு ஏறுறதுக்கு முன்னாடி செனான் ஹெட்லைட் எய்ம பாத்துக்கங்க
போன மாசம் ராத்திரி ஏற்காட்டுல இருந்து இறங்கிட்டிருந்தேன், ஒரு கொண்டை ஊசி வளைவுல எதிர்ல டிவிஎஸ் எக்ஸ்எல்ல புருஷன் பொண்டாட்டி குழந்தை, என் லைட் பட்டதும் அவரு ஒத்தக் கையால கண்ண மறைச்சுகிட்டு அப்படியே ஓரமா நிறுத்திட்டாரு. நான் லோ பீம்ல தாங்க வந்தேன். பம்பர் வேலைக்கு லைட்ட கழட்டி மாட்டினதுல எய்ம், அதாவது வெளிச்சம் விழுற உயரம், மேல ஏறியிருக்கு, மறுநாளே உக்காந்து சரி பண்ணேன்.

மலை மேல சமமான இடம் கிடைக்கறது கஷ்டம், கீழ சேலத்துலயே சுவர் இருக்குற மட்டமான இடமா பாருங்க. டயர்ல காத்து சரியா இருக்கணும், டிக்கி காலியா இருக்கணும், டிரைவர் சீட்ல ஒரு ஆள உக்கார வைங்க. லெவலிங் நாப் (உள்ள உக்காந்தே வெளிச்சத்த ஏத்தி இறக்குற திருகு) இருந்தா 0ல வைங்க.

வண்டிய சுவரு கிட்ட ஒட்டி நிறுத்தி ரெண்டு லென்ஸோட நடு மையத்துக்கும் நேரா டேப்ல கூட்டல் குறி போடுங்க, அப்புறம் ஸ்டியரிங்க திருப்பாம நேரா 5 மீட்டர் பின்னாடி வாங்க. இஞ்சின ஓட விட்டு லோ பீம் போட்டு ஒரு நிமிஷம் விடுங்க, செனான் போட்டதும் முழு வெளிச்சத்துக்கு வராது. ஒரு லைட்ட துணி வச்சு மறைச்சுட்டு இன்னொன்ன பாருங்க, வெளிச்சம் வெட்டுன மாதிரி நிக்கிற கோடு குறிக்கு 5 சென்டிமீட்டர் கீழ இருக்கணும், 10 மீட்டர்னா 10. நம்ம ஊர்ல இடது பக்கம் போறதால கோடு இடது பக்கம் மேல ஏறும், அந்த மடங்குற இடம் குறிக்கு நேர் கீழ வரணும், வலது பக்கம் மட்டமா இருக்கணும். துணிய ரொம்ப நேரம் விடாதீங்க, சூடாயிடும்.

லைட்டுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், ஒன்னு மேல கீழ, ஒன்னு பக்கவாட்டுல. கால் சுத்து திருப்புங்க, சுவர பாருங்க, மறுபடி திருப்புங்க. பல்பு கனெக்டர், பேலஸ்ட் (பல்புக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) பக்கம் மட்டும் கை வைக்காதீங்க, லைட் பத்தவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல வரும்.

ஆட்டோ லெவலிங் வண்டின்னா, அதாவது லோடுக்கு ஏத்த மாதிரி லைட் தானாவே ஏறி இறங்குற வண்டின்னா, சஸ்பென்ஷன்ல இருக்குற சென்சார் கம்பி உடைஞ்சிருக்கான்னு மொதல்ல பாருங்க, அது போயிருந்தா நீங்க எவ்ளோ திருப்பினாலும் நிக்காது. சில வண்டிக்கு ஸ்கேனர் போட்டுத்தான் செட் பண்ண முடியும். ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல செனான் கிட் போட்டவங்க இத பண்ணி பிரயோஜனமே இல்ல, வெளிச்சம் செதறத்தான் செய்யும், தயவு செஞ்சு கழட்டிடுங்க.

நாப் வண்டி வச்சிருக்கறவங்க, பின்னாடி மூணு பேரு, டிக்கி நெறைய பை வச்சு கெளம்புற அன்னைக்கு மூக்கு தூக்கிக்கும், அடிவாரத்துலயே நாப திருப்பி வெளிச்சத்த இறக்கி வச்சுட்டு ஏறுங்க.