மருந்து அடித்தும் உண்ணி சாகவில்லையா?

மாட்டுக்கு மருந்து அடித்து நாலு நாள் ஆகியும் காதுமடலிலும் வாலடியிலும் உண்ணி கொழுகொழுவென்று தொங்குகிறதா? உடனே மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். வேறு பாட்டில் வாங்குவதற்கு முன் லேபிளில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாத உண்ணி மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. அமிட்ராஸ் வேறு வகை. எதற்கு மாறுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கறவை மாடென்றால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், முதுகை மட்டும் நனைத்துவிட்டு வருவதுதான் நம்மில் பலர் செய்யும் தப்பு. தொடை இடுக்கு, அலைதாடி, வாலடி எல்லாம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கிற உண்ணிதான் அடுத்த தலைமுறையைப் பெருக்குகிறது. பால் கறக்கும் முன் மடியைக் கழுவ மறக்காதீர்கள்.

பாதி வேலை கொட்டகையில் இருக்கிறது. ரத்தம் குடித்து உதிரும் ஒரு பெட்டை உண்ணி, சுவர் வெடிப்பில் 2000 முட்டைக்கு மேல்கூட இடும். வெடிப்பை நன்றாகப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். கையில் சிக்கிய உண்ணியைத் தரையில் நசுக்காமல் மண்ணெண்ணெயில் போடுங்கள்.