பேரிங் ரிங்கை கடைஞ்சு பிக் எண்ட் ரேஸ் பண்றது எப்படி

சொந்தமா டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பண்றப்ப கனெக்டிங் ராடோட பிக் எண்டுக்கு (கிராங்க் பக்கம் இருக்கற பெரிய ஓட்டை) ரேஸ், அதாவது உருளைகள் ஓடற கடினமான வளையம், புதுசா செஞ்சு, ஹார்டன் பண்ணி, உள்ள கிரைண்டிங்கும் பண்றது பெரிய தலைவலி. அதுக்கு பதிலா ஒரு நீடில் பேரிங் (மெல்லிசான உருளைகள் இருக்கற பேரிங்) வெளி ரிங்கை எடுத்து வெளிவட்டத்தை மட்டும் லேத்துல குறைச்சு ராடு ஓட்டையில இறக்கிடலாம். பால் பேரிங் ரிங்கு வேணாம், உள்ள பள்ளம் இருக்கும். ஓரத்துல விளிம்பு இல்லாத ஆர்என்ஏஓ டைப் பாருங்க, 16x24x13 மாதிரி (ஷாஃப்ட் 16, வெளிவட்டம் 24, அகலம் 13 மி.மீ).

இந்த ஸ்டீல்ல 1% கார்பன், 1.5% குரோமியம், கடினம் 60 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) பக்கம். அரம் போட்டா வழுக்கிட்டு போகும், எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் தொட்ட உடனே மழுங்கிடும். சிவக்க காய்ச்சி மெத்தாக்கிட்டு கடைஞ்சுக்கலாம்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க, திரும்ப ஹார்டன் பண்றப்ப ரிங்கு கோணிக்கும்.

எல்லாரும் டூலை பத்தியே கவலைப்படறாங்க, ஆனா ரிங்கை கெடுக்கறது சக்குதான். மூணு தாடையில நேரா புடிச்சா மெல்லிசா இருக்கற ரிங்கு அமுங்கும், கடைஞ்சு முடிச்சு கழட்டினா முக்கோண சாயல்ல நிக்கும். அதனால ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை சக்குல புடிச்சு ரிங்கோட உள்சைஸுக்கு கடைஞ்சு, அதை கழட்டாமலே ரிங்கை மாட்டி, முகத்துல வாஷர் வெச்சு போல்ட்டால இறுக்குங்க.

சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) இன்சர்ட்னா, அதாவது டூல் நுனியில மாட்டற வெட்டு துண்டு, வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 120 மீட்டர், அதாவது 24 மி.மீ ரிங்குக்கு 1600 ஆர்பிஎம். கார்பைடுன்னா 450 போதும். ஆழம் 0.1 மி.மீ, ஃபீடு (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்) 0.05 மி.மீ. ரொம்ப பயந்து ஆழத்தை 0.01 வெச்சா வெட்டாது, தேய்க்கும், சூடுதான் ஏறும். கூலன்ட் ஊத்தாதீங்க, சூட்டுல இருக்கற இன்சர்ட் விரிசல் விட்டுடும். பிசிறு சிவப்பா பறக்கறது நல்லதுதான், சூடு அதோட போகுது (கண்ணாடி கட்டாயம்). ஆனா ரிங்குல வைக்கோல் கலர் தெரிஞ்சா 200 டிகிரி தாண்டிடுச்சு, கடினம் இறங்கியிருக்கும், நீலம்னா தூக்கி போட்டுடுங்க.

கடைசி 0.05 மி.மீ-ஐ டூல்போஸ்ட் கிரைண்டர்ல (லேத்துல டூல் இடத்துல மாட்டற சின்ன கிரைண்டர்) எடுங்க, லேத் பெட்டை ஈரத்துணியால மூடிட்டு. ராடு ஓட்டையை விட ரிங்கு 0.02 மி.மீ பெருசா நிக்கணும். ராடை 150 டிகிரிக்கு சூடாக்கி, ரிங்கை ஃப்ரீஸர்ல வெச்சிருந்து எடுத்தா கையால இறங்கும், சுத்தியல் தொடவே கூடாது, சில்லு தெறிக்கும். இறக்கினப்புறம் உள்வட்டம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அதை அளந்துட்டு அப்புறம்தான் நீடில் கேஜ் (உருளைகளை புடிச்சிருக்கற கூடு) வாங்குங்க.