புவியியல் தகவல் முறைமைப் பணிக்குப் பயிற்சி பெறும் வழி

இடம் சார்ந்த தரவைக் கணினியில் ஆராய்ந்து வரைபடமாக்கும் புவியியல் தகவல் முறைமைத் (ஜி.ஐ.எஸ்.) துறையில் வேலை தேட விரும்புவோர், மென்பொருளின் பொத்தான்களைக் கற்பதற்கு முன் ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையான பரப்பில் விரிக்கும்போது வடிவம், பரப்பளவு, தூரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சிதைந்தே தீரும். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஆள்கூற்று முறையில் அளவுகள் பாகைகளில் இருப்பதால், அத்தகைய தரவைச் சுற்றி 500 மீட்டர் எல்லை வரைய எண்ணி வெறுமனே 500 என்று உள்ளிட்டால், மென்பொருள் அதை 500 பாகை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறைக்குத் தரவை முதலில் மாற்றிக்கொண்டால் இச்சிக்கல் எழாது. புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கியூஜிஐஎஸ் இத்துறைக்கான இலவசத் திறமூல மென்பொருள். சாலை, கட்டடத் தரவுகளை தன்னார்வலர்கள் உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து பெறலாம். 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் இலவசமே. பல நிறுவனங்கள் ஆர்க்ஜிஐஎஸ் என்னும் கட்டண மென்பொருளைப் பயன்படுத்துவதால் அதையும் பின்னர் பழகிக்கொள்ளலாம்.

அடுத்து, தரவுத்தளங்களில் தேட உதவும் எஸ்.கியூ.எல்., திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானியக்கமாக்க உதவும் நிரல்மொழியான பைத்தான் ஆகியவற்றைக் கற்க வேண்டும். ஒரே வேலையை நூறு கோப்புகளில் கையால் செய்து சலித்தவருக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களுடன், நீங்களே தரவு திரட்டிப் பிழை நீக்கி உருவாக்கிய இரண்டு மூன்று வரைபடங்களையும், ஒவ்வொன்றிலும் எடுத்த முடிவுகளை விளக்கும் சிறு குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள்.