வீட்டுக்கல்வி ஆய்வுகளைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மகளுக்கு ஐந்து வயது. தொடக்கநிலை ஒன்றுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசனை. "அக்கா, இதைப் பாருங்களேன். வீட்டில் படிக்கிற பிள்ளைங்க எண்பது மார்க் வாங்குதாம்" என்று கைப்பேசியை நீட்டினார் அந்தப் பெண். பதினான்கு வருஷத்துக்கு முன், என் மகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் ஆசையில், என் மாமியாரிடம் நான் அச்செடுத்துக் காட்டிய அதே எண்!

வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாதீர்கள், ஆய்வு எந்த நாட்டுடையது என்று பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பெர்சன்டைலை மார்க் என்று படிப்பது

80-ஆவது பெர்சன்டைல் என்றால் எண்பது மார்க் இல்லை. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் எண்பது பேரைத் தாண்டி நிற்கும் இடம். இங்கே இது வெறும் சொல் விளக்கமும் இல்லை. நம் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடப்புக்கு வந்தது. விலக்கு வாங்கி வீட்டில் படிக்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதியாக வேண்டும். அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் பொது நிலையில் (எளிதான அடிப்படை நிலையில் அல்ல) எழுதும் மாணவர்களிடையே 33-ஆவது பெர்சன்டைலை எட்ட வேண்டும். "முப்பத்து மூணுதானே, தூங்கிக்கிட்டே எடுத்துடலாம்" என்றார் கணவர். தம்பி, முந்த வேண்டியது மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளை. அவர்களில் எத்தனை பேர் வாரத்துக்கு மூன்று நாள் துணைப்பாட வகுப்புக்குப் போகிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்களை மட்டும் எண்ணுவது

என் இரண்டு வருஷத்தைத் தின்ற தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது அந்த எண்ணைச் சொன்னால் எரிச்சல் வருகிறது.

எண் வந்த இடம் 1999-இல் லாரன்ஸ் ரட்னர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. 20,760 மாணவர்கள். சராசரிப் பிள்ளை பெரும்பாலும் 70-க்கும் 80-க்கும் இடைப்பட்ட பெர்சன்டைலில் இருந்தது. இவ்வளவு பேர் என்றதும் நான் விழுந்துவிட்டேன். யார் அந்தப் பிள்ளைகள் என்று கேட்கத் தோன்றவில்லை. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்துவ நிறுவனத்தின் தேர்வுச் சேவையைத் தாங்களாகவே நாடி வந்த குடும்பங்கள் அவை. பெரும்பாலும் வெள்ளையர், அநேகமாக எல்லா வீட்டிலும் அப்பா அம்மா இருவரும் உண்டு, ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது ஆசிரியர் சான்றிதழ் வைத்திருப்பவர். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வீட்டுக்கல்விக்காக வாதாடும் ஒரு சட்ட அமைப்பு.

தைப்பூசத்தன்று காவடி ஊர்வலம் முடியும் டேங்க் ரோடு கோயில் வாசலில் நின்றுகொண்டு, வந்து சேர்ந்தவர்களிடம் மட்டும் "காவடியோடு நடக்க முடிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் முடிந்தது என்றுதான் சொல்வார்கள். பெருமாள் கோயிலில் கிளம்பி வழியில் உட்கார்ந்துவிட்டவரை அங்கே பார்க்க முடியாது. கிளம்பாதவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நானோ, வீட்டில் வைத்திருந்தாலே எண்பது வந்துவிடும் என்று நம்பினேன். கல்வி அமைச்சுக்குக் கொடுத்த பாடத்திட்டத்தின் நகல் அலமாரிக்குப் போனது. கதைப் புத்தகம், சமையல், தாழ்வாரத்தில் தொட்டிச் செடி. பிள்ளை அருமையாக வாசித்தாள். ஒன்பது வயதில் மூன்றில் இரண்டு பெரியதா, நான்கில் மூன்று பெரியதா என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வந்த மாலைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் என் கத்தல், அந்தப் பக்கம் அவள் அழுகை. சம்பளத்தில் ஒரு பங்கு துணைப்பாட ஆசிரியருக்குப் போனது. அத்தை ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்த எண்பது எங்கேம்மா போச்சு?" என்றார். பதில் சொல்லவில்லை.

பிஎஸ்எல்இ-யை எப்படியோ தாண்டினாள், அது வேறு கதை. இதில் கொடுமை என்னவென்றால், வீட்டுக்கல்விதான் உசத்தி என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை என்று ரட்னரே அந்த அறிக்கையில் எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

எல்லா வீட்டையும் ஒரே வீடாக நினைப்பது

கனடாவில் சாண்ட்ரா மார்ட்டின்-சாங் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு சின்னது: வீட்டில் படித்தவர்கள் 37, அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 37. ஆனால் பிள்ளைகளை ஆய்வாளர்களே நேரில் சோதித்தார்கள். பாடத்திட்டத்தோடு படித்த 25 பேர் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னே நின்றார்கள். திட்டமில்லாமல் விடப்பட்ட 12 பேர் கடைசியில். 12 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் என் மகள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது எனக்கு.

கன்ஸ்மன், கெய்தர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வீட்டில் படிப்பவர்களுக்கு மொழித்திறன் கூடுதலாகவும் கணக்கு சற்றுப் பலவீனமாகவும் இருப்பது அதில் தெரிகிறது. என் அலமாரிக் கதையை எனக்கு முன்பே யாரோ வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள்.

2020 ஏப்ரலைக் கணக்கில் சேர்ப்பது

அது கொவிட் முடக்கத்தில் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்த காலம். வீட்டுக்கல்வி அல்ல.

"பழகத் தெரியாமல் போய்விடுமே"

இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நல்லபடியாகவே சொல்கின்றன. பல ஆய்வுகளில் பதில் சொன்னவர்கள் பெற்றோர். என் பிள்ளைக்குப் பழகத் தெரியாது என்று எந்த அம்மா எழுதிக்கொடுப்பாள்?

தமிழை மறப்பது

அமெரிக்க ஆய்வில் தமிழ்த் தாள் கிடையாது. பிஎஸ்எல்இ-யில் உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிக்கா, அப்போ வீட்டில் வைக்கலாமா, வேணாமா?" என்றார் அந்தப் பெண். ஆய்வை ஓரமாக வையுங்கள், தினமும் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போவது யார் என்று கேட்டேன்.

அவர் கணவரைக் காட்டினார். அதே நேரத்தில் கணவர் அவரைக் காட்டினார்.