மண் தடப் பைக் பந்தயத்துக்குக் கூட்டமும் வரவும் சேர்ப்பது எப்படி? கொங்கு வட்டாரக் கிளப்புகளுக்கான செய்முறை

கோவை வட்டாரத்தில் பைக் பந்தயத்துக்கு ஓட்ட ஆள் பஞ்சம் இல்லை. மெக்கானிக் பஞ்சம் அதைவிட இல்லை. பஞ்சமெல்லாம் பார்க்க வருபவர்களுக்குத்தான். காலை ஒன்பது மணி என்று போஸ்டரில் போட்ட பந்தயம் பதினொன்றுக்குத் தொடங்கும். பிரிவு மேல் பிரிவாக ஓடும். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று அவரவர் வீட்டாருக்கு மட்டும் தெரியும். மாலையில் கோப்பையைக் கொடுத்து முடித்ததும், கிளப் செயலாளர் தண்ணீர் லாரிக்காரருக்குத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்புவார்.

இதை மாற்ற நினைக்கும் சிறு கிளப்புகளுக்காக இந்தச் செய்முறை. செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தார்த் தடத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. காட்டிலோ (நம் பக்கத்தில் புன்செய் நிலத்துக்கு அப்படித்தான் பெயர்) காலி மைதானத்திலோ மண்ணில் ஓட்டும் பந்தயம்தான் பேச்சு. என் கட்சி ஒன்றே ஒன்று: வேகத்தைப் பார்க்க யாரும் இரண்டாம் முறை வருவதில்லை, தன் ஊர் ஜெயிக்கிறதா என்று பார்க்கத்தான் வருவார்கள். கீழே உள்ள படிகளில் பாதி இதிலிருந்தே பிறந்தவை.

படி 1: காகித வேலை

சலிப்பான வேலை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் கிளப்பைப் பதிவு செய்துவிடலாம். கிளப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள், செயலாளர் பெயரில் வேண்டாம். விளம்பரம் கொடுக்கும் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான். பந்தய அனுமதிக்கும் ஓட்டுபவர்களின் உரிமத்துக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பை அணுக வேண்டும். காவல்துறை, வருவாய்த் துறை, ஆம்புலன்ஸ், காப்பீடு எல்லாம் இந்த வரிசையில் வந்துவிடும். பொது இடத்தில் அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதமில்லாமல் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பாயும். ஊர்ச் சாலையில் 'சும்மா ஒரு டிரையல்' என்ற பேச்சே கிளப்பில் எழக் கூடாது.

படி 2: பந்தயத்தை யாருக்கும் புரியும்படி மாற்றுங்கள்

இங்கேதான் ஸ்பீட்வே என்ற மண் தட பைக் விளையாட்டிடம் கடன் வாங்க வேண்டும். 1920களில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 1928இல் இங்கிலாந்துக்குப் போய், இன்று போலந்தில் கொடிகட்டிப் பறக்கும் விளையாட்டு அது. நீள்வட்ட மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டும் திரும்பி ஓட்டுவார்கள். 500 சிசி வண்டி, எரிபொருள் மெத்தனால், பிரேக் கிடையாது. ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். இரண்டு அணிகள் மோதும் லீக் போட்டியில் ஓர் ஓட்டத்துக்கு அணிக்கு இருவர் இறங்குவார்கள். பிரிட்டன் லீக்கில் அப்படிப் பதினைந்து ஓட்டங்கள். சொந்த ஊர் வீரர்களின் ஹெல்மெட் சிவப்பும் நீலமும், வந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளையும் மஞ்சளும்.

அந்த வண்டிகள் நமக்கு வேண்டியதில்லை. பிரேக் இல்லாத வண்டியைப் புதியவர்கள் கையில் கொடுப்பது விபரீதம். நம்மிடம் உள்ள மண் தட வண்டிகளே போதும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அமைப்பை: நான்கு பேர், குறுகிய ஓட்டம், எளிய புள்ளி, ஊர் அணி, நிறம். முதல் முறை வரும் பாட்டிக்கும் இரண்டாவது ஓட்டத்திலேயே கணக்கு பிடிபட்டுவிடும்.

நான்கு அணிகளோடு தொடங்குங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று வைத்துக்கொண்டால் சண்டைக்குக் குறைவிருக்காது. ஒவ்வோர் அணியிலும் அந்த ஊர் ஒர்க்‌ஷாப் பையன் ஒருவனாவது இருக்கட்டும். வெளிமாநிலத்திலிருந்து பெரிய பெயர்களைக் காசு கொடுத்து அழைத்து வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் ஜெயித்தால் கைதட்டுவார்கள், அத்தோடு சரி. காந்திபுரத்தில் பஞ்சர் ஒட்டும் பையன் ஜெயித்தால் தெருவே அடுத்த முறை கிளம்பி வரும்.

இடையிடையே யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகளுக்குத் தனி ஓட்டம் வையுங்கள். உற்பத்தி 1996இல் நின்றுபோன வண்டி, ஆனாலும் அந்த இரண்டு ஸ்ட்ரோக் சத்தம் காதில் விழுந்தால் ஐம்பது வயதுக்காரர்கள் பந்தலை விட்டு எழுந்து வருவார்கள். டிக்கெட் எடுக்கும் பர்ஸ் அவர்களிடம்தான் இருக்கிறது.

இதில் பாதி வேலை மைக் பிடிப்பவருடையது. உடுமலை, பல்லடம் பக்கத்து ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பாருங்கள். 200 மீட்டரோ 300 மீட்டரோ, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் கூட்டம் கலைவதில்லை. எந்த ஊர் வண்டி, யார் தோட்டத்துக் காளை, போன முறை என்ன ஆனது என்று மைக்கில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிப் பேசத் தெரிந்த ஒருவரைப் பிடித்து வந்து பைக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். பைக் தெரிந்தவருக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுப்பதைவிட இது சுலபம்.

படி 3: இடம்

பல்லடம் போன்ற நடு இடம் நல்லது. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி மூன்றிலிருந்தும் பஸ் உண்டு. ஆனால் பல்லடம் என்றால் கறிக்கோழி. பண்ணைக்கு அருகே சைலன்சர் இல்லாத வண்டிகள் அலறினால் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும், தீவனம் எடுக்காது. பண்ணைக்காரர் சும்மா இருப்பாரா? சுற்றுவட்டாரத்தில் பண்ணையும் விசைத்தறிக் கூடமும் இல்லாத காட்டைத் தேடுங்கள். தறிக்காரருக்குச் சத்தம் பொருட்டில்லை, புழுதிதான் பகை.

பார்வையாளர் பந்தலை மேற்குப் பக்கம் போடுங்கள். மாலை வெயில் முதுகில் விழும், கண்ணில் அடிக்காது. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் புழுதியும் எதிர்ப்பக்கம் போய்விடும். தை, மாசியில் காற்று கிழக்கே இருந்து வரும். அப்போது தண்ணீர் லாரிதான் கதி. பந்தயத்துக்கு முந்தைய இரவே தடத்தை நன்றாக நனைத்து ஊறவிடுங்கள். அன்று காலையில் மேலாகத் தெளிப்பது பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை மறுபடியும் தெளிக்க வேண்டும். அந்த இடைவேளையைத்தான் கடைக்காரர்களுக்கு விற்கப்போகிறீர்கள்.

வளைவின் வெளிப்புறத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. பிடி தவறிய வண்டி அந்தப் பக்கம்தான் பாயும். போட்டோ எடுப்பவர், விளம்பரம் கொடுத்தவரின் மச்சான், எவராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை.

இடத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஒரு நாளுக்கென்று எழுதாமல் மூன்று ஆண்டுகளுக்கு எழுதுங்கள். பிரிட்டனில் பெயர்பெற்ற வுல்வர்ஹாம்ப்டன் ஸ்பீட்வே அணி 2023இல் தன் மைதானத்தை இழந்தது. இடம் கிளப்புடையதல்ல, உரிமையாளர் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. போலந்தின் டோருன் நகரிலோ 2009இல் ஸ்பீட்வேக்கென்றே சுமார் 15,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டினார்கள். நமக்கு அரங்கம் வேண்டாம். கொட்டிய மண்ணும் அடுக்கிய டயரும் அடுத்த முறையும் அங்கேயே இருந்தால் போதும், பெரிய செலவு மிச்சம்.

படி 4: தேதி

ஞாயிறு மாலை நான்கு மணி. திருப்பூரில் பெரும்பாலும் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. தை முதல் மாசி வரை நல்ல காலம். பங்குனியில் பொதுத் தேர்வு, ஐப்பசியில் மழை. பக்கத்து ஊர் நோம்பிகளின் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாரியம்மனோடு போட்டி போட்டு ஜெயித்தவர் கிடையாது.

படி 5: டிக்கெட் விலைக்கு முன் கணக்கு

பலர் டிக்கெட் விலையை முதலில் முடிவு செய்கிறார்கள். கணக்கு தலைகீழாகப் போவது அங்கேதான். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இட வாடகை, தண்ணீர், ஆம்புலன்ஸ், காப்பீடு, அனுமதிக் கட்டணம், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், பரிசு எல்லாம் சேர்ந்து 3,00,000 ரூபாய். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இது போயே தீரும். விளம்பரதாரர்கள் தருவது 1,20,000. அறுபது ஓட்டுபவர்களின் நுழைவுக் கட்டணம், ஆளுக்கு 1,000 வீதம் 60,000. பத்துக் கடை வாடகை, கடைக்கு 2,000 வீதம் 20,000. ஆக 2,00,000 வந்துவிட்டது. மீதி ஒரு லட்சம் வாசலில் வர வேண்டும். டிக்கெட் 100 ரூபாய், அதில் கைப்பட்டை, குடிநீர் என்று ஆளுக்கு 10 ரூபாய் செலவு. நிற்பது 90. அப்படியானால் 1,112 பேர் வந்தால் கணக்கு நேராகும். 800 பேர் வந்தால் 28,000 ரூபாய் துண்டு விழும்.

இந்த 1,112 என்ற எண் கையில் இருந்தால் கூட்டத்தில் வாய்ச்சண்டை குறையும். பரிசுத் தொகையை இன்னும் 30,000 கூட்டலாம் என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேலும் 333 டிக்கெட் விற்க வேண்டும், யார் விற்பது என்று கேட்டுவிடலாம்.

ஐந்து பந்தயத்துக்குச் சேர்த்து 400 ரூபாய்க்குப் பருவச் சீட்டு விற்கலாம். முன்பணம் கையில் இருந்தால் வட்டிக்கு வாங்க வேண்டாம். ஆனால் மழையில் பந்தயம் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி எப்படி என்பதை முதல் டிக்கெட் அச்சாகும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

படி 6: விளம்பரதாரர்

ஒரே பெரிய கம்பெனியைத் துரத்தி ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். பதினைந்து ஓட்டங்கள் இருக்கின்றன அல்லவா? ஓட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு 5,000 ரூபாய். அதுவே 75,000 ஆகிறது. கோப்பைக்குப் பெயர் கொடுப்பவரிடம் 45,000 வாங்கினால் மேலே போட்ட 1,20,000 நிறைந்துவிட்டது. ஐயாயிரம் என்றால் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே முடிவெடுப்பார். ஐம்பதாயிரம் என்றால் 'பையனைக் கேட்டுச் சொல்கிறேன்' என்பார்.

யாரைக் கேட்பது? கோவையில் பம்ப்செட், கிரைண்டர் செய்பவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளிகள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுபவர்கள். எல்லா ஊரிலும் டயர், பேட்டரி, ஆயில் கடைக்காரர்கள். மண்ணும் இயந்திரமும் இவர்களின் பிழைப்பு என்பதால் விளக்கம் அதிகம் தேவைப்படாது. பெரிய நிறுவனத்திடம் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதி கேட்டுப் போகாதீர்கள். தன் பெயரை விளம்பரப்படுத்துவதற்காகக் கொடுக்கும் பணம் அந்தக் கணக்கில் சேராது. விளம்பரச் செலவாகவே கேளுங்கள்.

பணம் வாங்கியவருக்குப் பந்தயம் முடிந்த வாரத்திலேயே அவர் பெயர் தெரியும் பத்துப் படங்களும், வந்தவர்களின் எண்ணிக்கையும் போக வேண்டும். எண்ணிக்கையை ஊதிப் பெருக்கக் கூடாது. அவரும் மைதானத்தில் நின்றுதான் பார்த்தார்.

படி 7: குடும்பத்தோடு வர வையுங்கள்

ஒரு பையன் தனியாக வந்தால் ஒரு டிக்கெட், ஒரு டீ. குடும்பம் வந்தால் நான்கு டிக்கெட், காளான் தட்டு, கரும்புச்சாறு, பிள்ளைக்குப் பொம்மை. ஆனால் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்துக்குக் குடும்பம் ஒருமுறைதான் வரும். பரிசுக் கோப்பையின் உயரத்தைக் குறைத்தாவது கழிப்பறைக்குக் காசு ஒதுக்குங்கள். பத்து வயதுக்குக் கீழே இலவசம். சாராய வாடையோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப இரண்டு பெரியவர்களை நிறுத்துங்கள். காவலாளியைவிட ஊர்ப் பெரியவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இடைவேளைக்கு என் முதல் தேர்வு வள்ளிக் கும்மி. நூறு பேர் ஆடினால் அவர்களைப் பார்க்க நூறு வீடுகள் வரும். பைக் பந்தயத்தை எட்டிக்கூடப் பார்த்திராத அம்மாக்களும் அத்தைகளும் அன்றைக்கு உள்ளே இருப்பார்கள். கும்மி முடிந்ததும் கிளம்பிவிடுவார்களே என்றால், இறுதி ஓட்டங்களை அதற்கு அடுத்தே வையுங்கள்.

படி 8: சொல்லி அனுப்புதல்

ஆட்டோ ஒலிபெருக்கி, பேக்கரிகளில் போஸ்டர், வாட்ஸ்அப் எல்லாம் செய்யுங்கள், தெரிந்ததுதான். அதைவிடப் பலன் தருவது ஒன்று உண்டு. பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஒவ்வோர் அணியின் வண்டியையும் அதன் ஊர் சந்தை நாளில் சந்தைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஓட்டும் பையனே பக்கத்தில் நின்று டிக்கெட் விற்கட்டும். அணி நிறத்தில் திருப்பூர் பனியனும் வைத்திருங்கள். எந்த ஊர்ப் பனியன் முதலில் தீர்ந்தது என்பதை மைக்கில் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வரும்.

படி 9: முடிந்த பிறகு

கடைசிப் பரிசு கொடுக்கும் முன்பே அடுத்த பந்தயத்தின் தேதியை அறிவியுங்கள், புள்ளிப் பட்டியலில் எந்த ஊர் எங்கே நிற்கிறது என்பதோடு. ஏழு நாளுக்குள் வரவு செலவை உறுப்பினர்கள் முன் படியுங்கள். மிச்சம் வந்தால் முதலில் மழைக்காக ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு தடத்துக்கும் கழிப்பறைக்கும் செலவிடுங்கள். பரிசுத் தொகையைக் கூட்டச் சொல்லி அன்றைக்கே ஒருவர் கை தூக்குவார். 1,112 டிக்கெட்டும் மூன்று முறை தொடர்ந்து விற்ற பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம் என்று சொல்லி உட்கார வையுங்கள்.